மேகத்துக்குள் விமானம்: பனிப்படிகத்தை எண்ணுவது ஏன் இவ்வளவு கடினம்?

கேள்வி இது: "உயரமான மேகங்களில் இருக்கும் பனிப்படிகங்களை ஆராய நாசா பழைய ராணுவ விமானங்களை 18 கி.மீ. உயரத்துக்கு அனுப்புகிறது என்று படித்தேன். மேகங்களைத்தான் செயற்கைக்கோள்கள் அளக்கின்றனவே, அப்புறம் விமானம் எதற்கு? அந்த வேகத்தில் போய்க்கொண்டே கண்ணுக்குத் தெரியாத படிகத்தை எப்படிப் படம் பிடிக்கிறார்கள்?"

முதல் பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள் பனிப்படிகத்தைப் பார்ப்பதில்லை. மேகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியோ ரேடார் அலையோதான் அதற்குக் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு உள்ளே எத்தனை படிகம், என்ன அளவு, என்ன வடிவம், மொத்தம் எவ்வளவு பனி என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். ரேடாரில் இந்தக் கணக்கு ரொம்பவே ஓரவஞ்சனையானது. துகளைக் கெட்டியான சிறு உருண்டை என்று வைத்துக்கொண்டால், விட்டம் இரண்டு மடங்கானதும் திரும்பி வரும் சமிக்ஞை 64 மடங்காகிவிடும். நாலைந்து பெரிய படிகங்கள் இருந்தால் போதும், கூடவே இருக்கும் நூற்றுக்கணக்கான சின்னப் படிகங்கள் கணக்கிலேயே வராது. லேசரை வைத்து அளக்கும் லிடாருக்கு இதற்கு நேர்மாறான குறை: சின்னதையும் விடாமல் பிடிக்கும், ஆனால் மேகம் கொஞ்சம் தடித்துவிட்டால் ஒளி உள்ளே போகாது. அதனால்தான் 2006-ல் ரேடாருக்கு கிளவுட்சாட், லிடாருக்கு கலிப்சோ என்று இரண்டு செயற்கைக்கோள்களையும் ஒன்றாக ஏவி, ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றவிட்டார்கள். 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் இரண்டு கருவிகளையும் ஒரே செயற்கைக்கோளில் சுமக்கிறது. அப்படியும் 'படிகம் இன்ன வடிவத்தில் இருக்கும்' என்ற ஊகம் இல்லாமல் கணக்கு முடியாது. அந்த ஊகம் சரியா என்று பார்க்க யாராவது மேகத்துக்குள் போக வேண்டும். 2010-ன் முதல் ஆறு மாதங்களில் அமெரிக்காவில் ஒக்லஹோமாவை மையமாக வைத்து ஒரு லியர்ஜெட் இதையே வேலையாகச் செய்தது: செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் நேரம் பார்த்து, அதன் பாதைக்கு அடியில் சிர்ரஸ் மேகத்துக்குள் பறந்தது.

சிர்ரஸ் என்றால் வானத்தில் வெள்ளைக் கீற்றாக, இறகாகத் தெரியும் மேகம். முழுக்கப் பனிதான், தண்ணீர்த் துளி கிடையாது. சுமார் மைனஸ் 38 டிகிரிக்குக் கீழே போனால் எந்த நீர்த்துளியும் உறையாமல் தாக்குப்பிடிக்காது. இந்த மேகம் ஒரு பக்கம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, மறுபக்கம் பூமியிலிருந்து மேலே போகும் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மெல்லிய சிர்ரஸில் பொதுவாக இரண்டாவதே ஓங்கி நிற்கும், அதாவது மொத்தத்தில் பூமியைச் சூடாக்கும். ஆனால் ஒரே அளவு பனி நிறையச் சின்னப் படிகங்களாக இருக்கிறதா, கொஞ்சம் பெரிய படிகங்களாக இருக்கிறதா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். சின்னவை அதிகமானால் மேகம் வெளுப்பாக இருக்கும், மெதுவாகவே கீழே இறங்கும், ரொம்ப நேரம் நிற்கும். இதனால்தான் ஒரு லிட்டர் காற்றில் எத்தனை சின்னப் படிகம் என்ற கேள்விக்காக இத்தனை ஆண்டுகள் சண்டை போட்டிருக்கிறார்கள். இந்தப் பதிலின் பெரும்பகுதி அந்தச் சண்டையைப் பற்றித்தான்.

விமானங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாசாவிடம் டபிள்யூபி-57 மூன்று இருக்கின்றன. ஹூஸ்டனில் உள்ள எல்லிங்டன் தளத்திலிருந்து பறக்கின்றன, 60,000 அடிக்கு மேல் போகும், உள்ளே இரண்டு பேர்: முன்னால் விமானி, பின்னால் கருவிகளைக் கவனிப்பவர். மூன்றில் ஒன்று அரிசோனா பாலைவனத்தில் பழைய ராணுவ விமானங்களை நிறுத்தி வைக்கும் இடத்தில் 41 ஆண்டுகள் கிடந்தது. அதை எடுத்துப் பழுதுபார்த்து 2013-ல் மறுபடி பறக்கவிட்டார்கள்! யு-2 உளவு விமானத்தின் வாரிசான ஈஆர்-2 இன்னும் மேலே, 20 கி.மீ.க்கும் மேல் போகும், ஒரே ஒரு விமானிதான். அந்த உயரத்தில் அழுத்த உடை போட்டே ஆக வேண்டும். புறப்படும் முன்பே சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்து ரத்தத்தில் இருக்கும் நைட்ரஜனை வெளியேற்றிக்கொள்கிறார்கள். ஜெர்மனியின் ஹேலோ ஒரு மாற்றியமைத்த வணிக ஜெட். ரஷ்யாவின் ஜியோஃபிசிகா பற்றிக் கடைசியில் வருகிறேன்.

பெரிய ஆய்வுகளில் ஒரு விமானம் போதாது. 2002 ஜூலையில் புளோரிடாவின் கீ வெஸ்ட்டிலிருந்து ஆறு விமானங்கள் பறந்தன. இடிமேகத்தின் உச்சியிலிருந்து பக்கவாட்டில் தட்டையாக விரியும் பனி மேகம்தான் குறி. ஈஆர்-2 மேலிருந்து ரேடாரும் லிடாருமாகக் கீழே பார்க்கும், அதே நேரம் டபிள்யூபி-57 அந்த மேகத்துக்குள்ளேயே போகும். மேலிருப்பவர் ஊகிப்பதைக் கீழிருப்பவர் நேரில் சரிபார்க்கிறார்.

இனி இரண்டாவது பாதி, படம் பிடிக்கும் விதம். 1940-களில் ஜெர்மனியின் ஹெல்முட் வைக்மன், மூடியில்லாத விமானத்தில் போய், பூச்சு தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் நீட்டிப் படிகங்களைப் பிடித்தார். பிற்பாடு ஃபிலிம் சுருளில் பிசின் தடவி, படிகத்தின் அச்சு அதில் பதியும்படி செய்தார்கள். இன்றைய முறைக்கு வழி போட்டவர் கொலராடோவைச் சேர்ந்த ராபர்ட் நாலன்பெர்க். 1970-களில் அவர் செய்த கருவியில் இறக்கைக்கு வெளியே இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கையிலிருந்து மறு கைக்கு லேசர் போகும், மறுமுனையில் ஒரே வரிசையாக 32 ஒளி உணரிகள். படிகம் நடுவில் கடந்தால் சில உணரிகளில் நிழல் விழும். ஜெராக்ஸ் மெஷினில் ஒளிக்கோடு தாளைக் கோடு கோடாகப் படிப்பது போலத்தான் இதுவும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே நகர்வது விமானம். அதன் வேகமே படத்தின் இரண்டாவது பரிமாணத்தைத் தருகிறது.

இப்போது பரவலாக இருக்கும் டூடி-எஸ் கருவியில் இதே ஏற்பாடு இரண்டு, ஒன்றுக்கொன்று செங்குத்தாக. ஒவ்வொன்றிலும் 128 உணரிகள், ஒவ்வொரு உணரியும் 10 மைக்ரான் (மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு) அகலத்தைப் பார்க்கும். கணக்கைப் பாருங்கள். விமானம் வினாடிக்கு 200 மீட்டர் போகிறது. படம் இழுபடாமல் இருக்க வேண்டுமென்றால் 10 மைக்ரான் நகர்வதற்குள் எல்லா உணரிகளையும் ஒருமுறை படித்துவிட வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு வினாடியில் 2 கோடியில் ஒரு பங்கு. 70-களின் மின்னணுவியலில் இது முடியாத காரியம், அதனால்தான் பழைய கருவிகள் 25 மைக்ரானுக்கு மேல் கூர்மை காட்டவில்லை. கைகளுக்கு நடுவே 63 மி.மீ., உணரி வரிசை 1.28 மி.மீ. ஆக, வினாடிக்கு 16 லிட்டர் காற்றைத்தான் பார்க்க முடியும். ஒரு மணி நேரம் மேகத்துக்குள்ளேயே பறந்தால் 720 கி.மீ. போய்விடலாம், பார்த்த காற்றோ 58 கன மீட்டர்.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. மேற்சொன்ன 16 லிட்டர் பெரிய படிகங்களுக்குத்தான் பொருந்தும். சின்னப் படிகத்தின் நிழல் குவியத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனாலே மங்கிவிடும். 20 மைக்ரான் படிகமென்றால் 63 மி.மீ. இடைவெளியில் நடுவே ஓரிரு மி.மீ. பட்டைக்குள் கடந்தால்தான் ஒழுங்காகப் பதியும். ஆகவே பார்த்தது ஒன்று என்றால், பார்க்காமல் விட்டது எத்தனை என்று பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கும் எண்ணில் கொஞ்சம் பிசகினாலும் விடை எங்கேயோ போய்விடும்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருந்தது. 1980-கள், 90-களில் சிர்ரஸ் மேகங்களில் சின்னப் படிகங்கள் ஏராளமாக இருப்பதாகத் தரவு வந்துகொண்டே இருந்தது. பெரிய படிகங்கள் அதிகமுள்ள மேகத்தில் சின்னவையும் அதிகம் என்று வேறு காட்டியது. கொஞ்சம் யோசித்தால் இது விசித்திரம். பெரிய படிகங்கள் நிறைய இருந்தால் காற்றிலிருக்கும் நீராவியை அவை இழுத்துக்கொள்ளும், கீழே விழும்போது சின்னவற்றை வாரிக்கொண்டும் போகும். சின்னவை குறையத்தானே வேண்டும்? சந்தேகப்பட்டவர்கள் 70-களிலேயே இருந்தார்கள், ஆனால் நிரூபிக்க வழியில்லை.

விஷயம் இதுதான். விமானம் வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகும்போது, அசையாமல் மிதக்கும் படிகத்தின் கண்ணோட்டத்தில் கருவியின் கைதான் அந்த வேகத்தில் வந்து மோதுகிறது. அரை மி.மீ. படிகம் ஒன்று கையின் நுனியில் மோதினால் பொடிப்பொடியாகச் சிதறும். துணுக்குகள் எகிறி, நேராக லேசர் கற்றைக்குள் விழும். ஒரு பெரிய படிகம் பல சின்னப் படிகங்களாகப் பதிவாகிவிடும். குழாய் வழியாகக் காற்றை உள்ளே விடும் பழைய கருவிகளில் குழாயின் விளிம்பும் இதே வேலையைச் செய்தது. காற்றுச் சுரங்கத்தில் அதிவேகக் காமிராவை வைத்துப் பார்த்தபோது துணுக்குகள் காற்றோட்டத்தைக் குறுக்கே கடந்து சில செ.மீ. தூரம் பாய்வது கண்ணெதிரே தெரிந்தது.

கனடா சுற்றுச்சூழல் துறையின் அலெக்சி கோரலெவ் குழு 2009-ல் ஒட்டாவாவிலிருந்து கான்வேர்-580 விமானத்தில் இதற்கு ஒரு நல்ல சோதனை வைத்தது. ஒரே விமானத்தில் ஒரே வகைக் கருவிகளைப் பக்கத்துப் பக்கத்தில் பொருத்தினார்கள். ஒன்றில் பழைய நுனி, மற்றதில் துணுக்குகளை வெளிப்பக்கமாகத் திருப்பிவிடும்படி சீவிய புது நுனி. ஒரே மேகம், ஒரே நேரம். பழைய நுனி காட்டிய எண்ணிக்கை பத்து மடங்கு வரை, சில நிலைகளில் அதற்கும் மேலாக ஊதிப்போயிருந்தது. பாதிப்பு 10, 20 மைக்ரான் துகள்களோடு நிற்கவில்லை, சுமார் 500 மைக்ரான் வரை போனது.

புது நுனி மட்டும் போதாது, வந்த தரவையும் சலிக்க வேண்டும். துணுக்குகள் கூட்டமாக வரும் என்பதே அதற்குப் பிடி. ஒரு லிட்டரில் 50 படிகம் என்றால், கருவியில் சராசரியாக வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான இடைவெளியில் ஒவ்வொன்றாக வரும். ஒரே படிகம் உடைந்த துணுக்குகளோ ஒன்றுக்கொன்று ஒரு செ.மீ.கூட விலகாமல், பத்து லட்சத்தில் 50 பங்கு நேரத்துக்குள் வந்துவிடும். அவ்வளவு நெருக்கத்தில் வருபவற்றைத் தள்ளிவிடுகிறார்கள். இயல்பாகவே நெருங்கி வந்த சில நல்ல படிகங்களும் அதோடு போய்விடும், அதற்கும் ஒரு திருத்தம் போட வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால், இதற்கு முந்தைய ஆய்வுகளில் பெரிய படிகங்களின் அளவையும் வடிவத்தையும் நம்பலாம், சின்னப் படிகங்களின் எண்ணிக்கையை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆனால் பல காலநிலை மாதிரிகளுக்கான சூத்திரங்கள் அந்த எண்ணிக்கைகளை வைத்து எழுதப்பட்டவை. ஊதிப்போன எண்ணிக்கை அங்கே போனால் மேகம் வேண்டியதைவிட வெளுப்பாகவும் நீண்ட ஆயுளோடும் வரும்.

விமானம் தான் அளக்கும் பொருளையே மாற்றிவிடும் கதை இதோடு முடியவில்லை. ரேங்னோ, ஹாப்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1983-லேயே வேறொன்றைக் காட்டினார்கள்: உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத துளிகள் உள்ள மேகத்தில் விமானம் புகுந்தால், அதன் வழித்தடத்திலேயே புதிதாகப் பனிப்படிகங்கள் தோன்றும். திரும்ப அதே வழியே வந்து அளந்தால், விமானம் தானே உண்டாக்கியதையே அளக்கும்.

இன்னொன்று படிகத்தின் 'விதை' பற்றியது. ஒவ்வொரு படிகமும் எதைச் சுற்றி உறைந்தது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு குழாய் நுனியிலிருந்து எதிர்த் திசையில் உலர்ந்த காற்றை ஊதுகிறார்கள். லேசான தூசிகள் தள்ளப்பட்டுவிடும், கனமான படிகங்கள் மட்டும் எதிர்க்காற்றை மீறி உள்ளே வரும். அங்கே பனியை ஆவியாக்கி, மிஞ்சிய துகளை நிறை நிறமாலைமானியில் (ஒரு துகள் எதனால் ஆனது என்று காட்டும் கருவி) போட்டுப் பார்ப்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் டான் சிசோவின் குழு நான்கு விமான ஆய்வுகளின் துகள்களை இப்படிப் பார்த்து 2013-ல் வெளியிட்டது: சுமார் 61 சதவீதம் மண் தூசியும் உலோகத் துகள்களும். எல்லா உலோகமும் மேகத்தில் இருந்ததல்ல என்பதுதான் வேடிக்கை. படிகங்கள் எஃகுக் குழாயைத் தேய்த்து அந்தத் துருவலையும் உள்ளே கொண்டுவருகின்றன என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. எஃகின் கலவை தெரியும் என்பதால் அதைக் கழித்துவிட முடிந்தது.

சரி, வடிவத்துக்கு வருவோம். 'அகல் வட்டம் பகல் மழை' என்று நம் ஊரில் சொல்வார்கள் அல்லவா? நிலவைச் சுற்றித் தள்ளி நிற்கும் அந்தப் பெரிய வட்டம் அறுபட்டைப் படிகங்கள் ஒளியை 22 டிகிரி வளைப்பதால் வருவது. புத்தகத்தில் வரையும் ஒழுங்கான அறுகோணம் அதுதான். விமானம் எடுத்த படங்களில் அப்படி ஒழுங்கானவை சிறுபான்மை. குளிர் அதிகமான உயரத்தில், ஒரு புள்ளியிலிருந்து பல திசைகளில் துப்பாக்கிக் குண்டு வடிவக் கைகள் நீட்டிய கொத்துகள் வருகின்றன. இடிமேக உச்சியில் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சங்கிலியாகத் தொங்குகின்றன. மின்புலம்தான் அவற்றை அப்படி ஒட்டவைக்கிறது என்பது பலரின் கருத்து. பெரும்பான்மை எந்தப் பெயரிலும் அடங்காத கோணல்மாணல். மேற்பரப்பும் வழவழப்பாக இல்லை, சொரசொரப்பு. இது வெறும் அழகுக் குறிப்பு அல்ல. வழவழப்பான படிகம் ஒளியை முன்னோக்கி அதிகம் விடும், சொரசொரப்பானது கூடுதலாகத் திருப்பி அனுப்பும். நாசாவின் மோடிஸ் செயற்கைக்கோள் கருவியின் ஆறாவது பதிப்புத் தரவில் வழவழப்பான படிகங்களின் கலவையைக் கைவிட்டு, நன்றாகச் சொரசொரத்த தூண்களின் கொத்து என்று வைத்துக் கணக்கிடத் தொடங்கினார்கள். மேலே சொன்ன 'ஊகத்தைச் சரிபார்த்தல்' நடைமுறையில் இப்படித்தான் இருக்கும்.

பயணிகள் விமானத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். தொடக்கம் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைத்தது. அதற்குப் பிறகு விமானி அறையில் நடந்தது தனிக் கதை. எஞ்சினுக்குள் போகும் படிகங்களும் ஆபத்துதான்: சூடான தகடுகளில் உருகி, அவற்றைக் குளிரவைத்து, மறுபடி உறைந்து கட்டியாகும். உடைந்து உள்ளே போனால் எஞ்சின் தடுமாறும், அணைந்தும் போகும். இப்படிப்பட்ட இடங்களில் விமானத்தின் வானிலை ரேடார் பெரிதாக எதையும் காட்டாது, காரணம் எல்லாம் பொடிப் படிகங்கள். விமானிகள் பார்த்து விலக முடியாததால், எவ்வளவு பனி இருக்கும் என்று தெரிந்து எஞ்சினைச் சோதிப்பதுதான் வழி. இதற்காகவே 2014-ல் ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்தும், 2015-ல் பிரெஞ்சு கயானாவின் கயேனிலிருந்தும் பிரான்ஸின் ஃபால்கன்-20 போன்ற ஆய்வு விமானங்கள், மற்றவர்கள் சுற்றிப் போகும் மேகங்களுக்குள் வேண்டுமென்றே புகுந்து வந்தன.

நம் பருவமழை மேகங்களின் உச்சிக்கு இப்படி ஒரு விமானம் வந்தது 2017 ஜூலை, ஆகஸ்டில். ஜியோஃபிசிகா, ஐரோப்பியக் குழு ஒன்றின் கருவிகளோடு காத்மாண்டுவிலிருந்து எட்டு முறை பறந்தது, 20 கி.மீ. உயரம் வரை. பருவமழை காற்றை மேலே தள்ளும்போது நிலத்தின் அமோனியாவும் கூடவே போய், அங்கே அமோனியம் நைட்ரேட் துகள்களாக மிதப்பதைக் கண்டார்கள். படிகமான அமோனியம் நைட்ரேட் பனிக்கு விதையாகும் என்று ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உள்ள ஐடா மேக அறையில் (மேகத்தைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கும் ஆய்வுக்கூடம்) சோதித்தும் காட்டினார்கள். நம் வயல்களில் போடும் யூரியாவுக்கும் 15 கி.மீ. மேலே இருக்கும் சிர்ரஸுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கலாம் என்பது எனக்கு இந்தத் துறையிலேயே சுவாரசியமான செய்தி. புனேயில் உள்ள ஐஐடிஎம் (இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம்) 2009-ல் தொடங்கிய கைபீக்ஸ் விமான ஆய்வு இந்தியாவுடையதுதான், ஆனால் அதன் குறி கீழிருந்து வளரும் மழை மேகங்கள், இந்த உச்சி அல்ல. தென்னிந்தியாவுக்கு மேலே உள்ள சிர்ரஸைத் திருப்பதி அருகே காடங்கியில் இருக்கும் லிடார் 1998-லிருந்து தரையிலிருந்தே பார்த்துவருகிறது. திரும்பி வரும் ஒளியின் தளவிளைவு (ஒளி அலை அதிரும் திசை) எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்து, மேலே இருப்பது உருண்டைத் துளி அல்ல, கோணமுள்ள படிகம் என்று அது சொல்லிவிடும். தட்டா, தூணா, குண்டுக் கொத்தா என்று அதனால் சொல்ல முடியாது.